சிவப்பு மூடிப் பேணி

நாம் பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்குப் போன பிள்ளைகள் அல்ல. அம்மா வேலை செய்கிற வீட்டுக்குப் போன பிள்ளைகள். யாரோ ஒரு சிஞ்ஞோராவின் குசினி மேசையில் கொப்பியை விரித்து வீட்டுப்பாடம் எழுதினோம். இடையிடையே கூப்பிட்டால் எழுந்துபோய் அம்மாவுக்கு வாயாகவும் காதாகவும் நின்றோம். டொக்டரிடம் நாம்தான் கதைத்தோம். குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க நாம்தான் கதைத்தோம். வீட்டுச் சொந்தக்காரன் கத்தியதையும் நாம்தான், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, அப்பாவுக்குத் தமிழில் சொன்னோம்.

இப்போது உங்களில் பாதிப்பேர் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறீர்கள். நரைக்கு மை பூசுகிறீர்கள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைக்கிறீர்கள். நான் இத்தாலியில், இந்தப் பலெர்மோவிலேயே தங்கிவிட்டேன். சந்திக்கும்போதெல்லாம் நாம் மொழிபெயர்த்த வேடிக்கைகளைச் சொல்லிச் சிரிக்கிறோம். மொழிபெயர்க்காமல் விட்டவற்றைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது.

எனக்குப் பத்து வயது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால், கடைகளுக்கு மேலே, ஓர் அறையும் குசினியுமாக இருந்தோம். அப்பா ஹோட்டலொன்றில் கோப்பை கழுவினார். அம்மாவுக்கு அந்த நவம்பரில் பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் புதிய வேலை கிடைத்தது. மனைவியை இழந்த, ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் நான்காம் மாடியில் தனியே இருந்தார். ஒரே மகள் தொரினோவில். நாங்கள் அவரைச் சிஞ்ஞோரே என்றுதான் சொன்னோம். இறந்தோர் திருநாள் முடிந்து இரண்டு நாளில் முதல் தடவை அங்கே போனோம். பாதாம் மாவில் பழம் போலச் செய்து நிறம் பூசிய இனிப்புகள் ஒரு தட்டு நிறைய எனக்காக வைத்திருந்தார். கடித்தால் பல் கூசும் இனிப்பு. நான் ஒரு மாதுளம்பழத்தை எடுத்துப் பாவாடைப் பையில் வைத்தேன். அது உருகி ஒட்டிக்கொண்டது.

அந்த வீட்டில் ஒரு அறை எப்போதும் பூட்டியிருக்கும். அம்மா தூசு தட்டும்போது மட்டும் அவர் அதைத் திறந்துவிட்டு வாசலில் நிற்பார். உள்ளே ஆளுயர இரும்பு அலுமாரிகள். அவற்றுக்குள் பழைய துவக்குகள். இத்தாலியப் படையினுடையவை, ஆஸ்திரியப் படையினுடையவை, ஆங்கிலேயருடையது ஒன்று. நாடுகள் தங்கள் படைகளுக்குப் புதியது வாங்கும்போது பழையதைக் கழித்து விற்றுவிடும். அப்படிக் கழித்ததைத்தான் அவர் இளம் வயதிலிருந்து சேர்த்து வந்தார். ஒவ்வொன்றின் கட்டையிலும் யாரோ ஒரு சிப்பாய் கத்தியால் கீறிய எழுத்தோ கோடோ இருந்தது. அவர் அவற்றை விரலால் தடவிக் காட்டுவார். அறை முழுக்க ஆளிவிதை எண்ணெய் மணமும் பித்தளை மணமும். இன்றைக்கும் எங்கேயாவது கதவுக்கு எண்ணெய் பூசினால் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும்.

அந்தத் துவக்குகளுக்கான ரவைகள் பலவற்றைக் கடையில் வாங்க முடியாது. அவரே செய்தார், அதற்கு அனுமதிப் பத்திரமும் வைத்திருந்தார். சுட்டு முடிந்த ரவைகளின் வெற்றுப் பித்தளைக் கோதுகளை அரைத்த அக்ரோட்டு ஓட்டோடு ஒரு உருளையில் போட்டுச் சுழற்றுவார். குசினி வரை கரகரவென்று கேட்கும். கோதுகள் பொன்போல வெளியே வரும். அடியில் தீப்பொறி தரும் பழைய பொட்டை எடுத்துவிட்டுப் புதியது பொருத்துவார். துளைகள் போட்ட மரக்கட்டையில் அவற்றை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் வெடிமருந்தை நிறுத்துப் போடுவார். கடைசியில் நெம்புகோல் வைத்த ஒரு பொறியால் சன்னத்தைக் கோதின் வாயில் அழுத்துவார். சனிக்கிழமை காலையில் நண்பர் ஒருவரோடு நகருக்கு வெளியே உள்ள சுடுதளத்துக்குப் போய் கடதாசி வட்டங்களைச் சுட்டுவிட்டு வருவார். வேட்டைக்குப் போவதையும் அவர் முன்பே விட்டுவிட்டார்.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவருடைய கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. தராசின் முள்ளைப் பார்க்க மூக்கைக் கொண்டுபோய் வைப்பார். மருந்து மேசையெல்லாம் கொட்டும். ஒருநாள் தூசு தட்டிக்கொண்டிருந்த அம்மா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, "விடச்சொல்லு பிள்ளை. நான் நிறுக்கிறன் எண்டு சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். சிஞ்ஞோரே சிரித்தார். பிறகு எழுந்து கதிரையைக் கொடுத்தார்.

ஊரில் அம்மா கலியாணத்துக்கு முன் ஒரு டிஸ்பென்சரியில் தூள் மருந்து நிறுத்து மடித்தவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சின்னக் கரண்டியின் காம்பை ஆட்காட்டி விரலால் தட்டித் தட்டி, மணி மணியாகத் தட்டில் விழ வைத்தார். முள் நடுவில் போய் நின்றது. சிஞ்ஞோரே உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "உன் அம்மாவின் கை பொற்கொல்லர் கை" என்றார். அதை நான் சொல்லாமலே அம்மாவுக்கு விளங்கியது.

அதன் பிறகு செவ்வாயும் வியாழனும் தரை துடைத்து முடிந்ததும் அம்மா அந்த அறைக்குப் போவார். நிறுக்கும்போது யாரும் கதைக்கக்கூடாது. கதவடியில் நான் போய் நின்றால் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்குவார். நான் திரும்பிப் போய்விட வேண்டும். அந்த நேரத்து அம்மாவின் முகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பஸ்ஸில் யாராவது முறைத்தால் சுருங்கிப்போகிற முகம் அல்ல அது.

எந்தத் துவக்குக்கு நிறுக்கிறோம் என்று அம்மா ஒருபோதும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வெற்றுக் கோது ஒன்றை நான் கேட்டு வாங்கி என் பென்சிலுக்கு மூடியாகப் போட்டு வைத்திருந்தேன். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கணக்குச் செய்துகொண்டிருக்கும்போது அப்பா அதைக் கண்டார். கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"உது எங்காலை?" என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெருமையாகத்தான் சொன்னேன். அம்மாவின் கை பொற்கொல்லர் கை என்பதையும் சொன்னேன்.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "இஞ்சாருமப்பா, உது திரீ நோட் திரீக் கோது, இங்கிலீஸ்காரன்ரை துவக்கிலை போடுறது. உம்மடை தம்பியைச் சந்தியிலை வைச்சுச் சுட்ட பொலிஸ்காரன் பிடிச்சிருந்ததும் உதே துவக்குத்தான். நீர் அதுக்கு மருந்து நிறுக்கிறீரோ?"

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார், சைக்கிளில் போகும்போது இறந்தார் என்று மட்டுந்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் விபத்து என்று நினைத்திருந்தேன்.

அம்மா பானையைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னார். "எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? முதல்நாளே கண்டனான்."

"பிறகேன்?"

"நிறுக்கிறது எனக்கு வரும். இந்த ஊரிலை என்னைத் தும்புத்தடியோடைதான் எல்லாரும் கண்டிருக்கினம். அந்த மனிசன் ஒராள்தான் கதிரையைத் தந்தவர்."

அப்பா நிறுத்தச் சொன்னார். அம்மா ஓம் என்றார். ஆனால் நிறுத்தவில்லை. அடுத்த செவ்வாய் பஸ்ஸில் வியா ரோமாவால் போகும்போது, "ஈஸ்டர் வரைக்கும் செய்து குடுக்கிறன். அப்பாட்டைச் சொல்லாதை" என்றார். நான் சொல்லவில்லை. அந்தக் கோதை அப்பா எங்கே எறிந்தார் என்று தெரியாது. பிறகு நான் அதைக் காணவில்லை.

தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. காலையில் குவெஸ்தூராவுக்குப் போனோம். அன்று எங்கள் வகுப்பைக் கடற்கரைக்குச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். நான் போகவில்லை, எனக்குப் பதிலாகக் கதைக்க வேறு ஆள் இல்லை. வரிசை நீளம். யன்னலடிக்கு வந்தபோது ஏதோ ஒரு கடதாசியின் பெயரை நான் பிழையாக விளங்கிக்கொண்டேன். அம்மா வேறொன்றை எடுத்து நீட்டினார். திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதாயிற்று. "வடிவாக் கேட்டுச் சொல்லத் தெரியாதோ உனக்கு?" என்று அம்மா எல்லாருக்கும் முன்னால் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பக்கத்தில் நம்முடைய ஆட்கள் நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை.

பின்னேரம் சிஞ்ஞோரே வீட்டில் நான் யாரோடும் கதைக்காமல் குசினியில் இருந்தேன். சிஞ்ஞோரேக்குக் கண் டொக்டரிடம் போகவேண்டிய நாள் அது. மேலங்கியைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். சிவப்பு மூடி போட்ட ஒரு தகரப் பேணி மேசையில் இருக்கிறது, அது வேட்டைத் துவக்குக்கு உரிய மருந்து, ஒரு நண்பருக்காக வாங்கியது, அம்மா அதைத் தொடக்கூடாது என்று சொன்னார். பழைய பேணி தீர்ந்துபோனால் வேலையை நிறுத்திவிட வேண்டும். "இது முக்கியம். இப்போதே போய்ச் சொல்" என்றார். நான் தலையாட்டினேன். அவர் போய்விட்டார்.

நான் போனேன். அம்மா தராசுக்கு மேல் குனிந்திருந்தார். என் காலடி கேட்டதும் திரும்பாமலே விரலைத் தூக்கினார்.

நான் திரும்பிவந்தேன். நாலு மணிக்கு டிவியில் கார்ட்டூன் தொடங்கும். நாள் முழுக்க மற்றவர்களின் சொல்லைச் சுமந்து என் வாய் களைத்திருந்தது. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல விருப்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியும், நான் அப்போது நினைத்தது அது அல்ல. சொல்லமாட்டேன் என்றுதான் நினைத்தேன். காலையில் உலுக்கியதற்கு அது பதில். என்ன சொல்லாமல் விடுகிறேன் என்பது எனக்கு விளங்கவில்லை. ஒரு பேணியைத் தொட்டால் அம்மாவுக்கு ஏச்சு விழும், விழட்டும், அவ்வளவுதான்.

கார்ட்டூன் முடிய நான் அதை மறந்தும் போனேன்.

பழைய பேணி நடுவில் தீர்ந்திருக்கிறது. அம்மா பக்கத்தில் இருந்த மற்றதைத் திறந்து, அதே நிறையில், ஒரு மணிகூடப் பிசகாமல், மிச்சக் கோதுகளை நிரப்பினார். இரண்டும் சாம்பல் நிறத் தூள். பேணியில் எழுதியிருந்ததை அம்மாவால் வாசிக்க முடியாது. வேட்டைத் துவக்கின் மருந்து ஒரே அடியாக எரிவது, ரவைக் கோதுக்குள் அதைப் போடவே கூடாது என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தேடிப் படித்தது. அடுத்த நாள் சிஞ்ஞோரே தன் மங்கிய கண்ணோடு அந்தக் கோதுகளில் சன்னத்தை அழுத்தி ரவையாக்கினார்.

சனிக்கிழமை சுடுதளத்தில் முதல் நாலைந்து சரியாகத்தான் போயின. பிறகு அந்த ஆங்கிலத் துவக்கு அவருடைய முகத்துக்கு முன்னால் வெடித்துப் பிளந்தது. வலது கண் போயிற்று. இடது கையில் இரண்டு விரல் போயிற்று.

செவ்வாய்க்கிழமை நாங்கள் போய் மணியடித்தபோது தொரினோவிலிருந்து வந்த மகள் கதவைத் திறந்து சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அம்மா அப்படியே படியில் இருந்துவிட்டார். வீடு வரும்வரை பஸ்ஸில் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். "என்ரை கை பிழைச்சுப் போச்சு. நிறுக்கேக்கை நான் வேறை எதையோ நினைச்சிருக்கிறன். தம்பியை நினைச்சிருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அப்போதுதான் சிவப்பு மூடி ஞாபகம் வந்தது. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் அப்பா அம்மாவை ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அந்த மனிசன் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். பெர்மெஸ்ஸோவும் இல்லை, ஒண்டுமில்லை. ஏத்தி அனுப்பிப் போடுவாங்கள்" என்று கதிரையில் இருந்தபடி திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டாம் என்றார். அம்மா போனார். கதைக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

சிஞ்ஞோரேயின் தலையில் பாதிக்குக் கட்டுப் போட்டிருந்தது. கட்டில்லாத கண் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தது. அம்மா அவருடைய கால்மாட்டில் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மிக மெதுவாகக் கேட்டார்: "சிவப்பு மூடிப் பேணியைப் பற்றி நான் சொன்னதை அம்மாவிடம் சொன்னாயா?"

"என்னவாம்?" என்றார் அம்மா.

நான் முதலில் அவருக்குப் பதில் சொன்னேன். "ஸி. சொன்னேன்." பிறகு அம்மாவுக்குச் சொன்னேன். "நோகுதாம்."

அம்மா அழத் தொடங்கினார். சிஞ்ஞோரே கண்ணை மூடினார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு கரபினியேரிப் பொலிசின் மரெஷால்லோ ஒருவர் வந்து விசாரித்திருக்கிறார். எல்லா ரவையும் தானே செய்தது, கண் தெரியாமல் பேணியை மாற்றிவிட்டேன், வேறு யாரும் அந்த அறைக்குள் போவதில்லை என்று சிஞ்ஞோரே எழுதிக் கொடுத்ததாக மகள் எங்களிடம் சொன்னார். பேணி மாறிய கதையை அவர் எங்களைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று அம்மா எடுத்துக்கொண்டார். அதை மொழிபெயர்க்கும்போது நான் அப்படி எடுத்துக்கொள்ளும்படியாகத்தான் சொன்னேன். துவக்குகளைக் கொண்டுபோனார்கள். பொறியும் தராசும் துளைக் கட்டையும் எங்கே போயின என்று தெரியாது. அடுத்த முறை நான் அந்த அறையைப் பார்த்தபோது அதில் ஒரு கட்டிலும் மேரி மாதா படமும் மட்டும் இருந்தன.

மகள் வேறு ஆளை வேலைக்கு வைத்தார். அம்மாவுக்கு வேறு வீடுகள் கிடைத்தன. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்ப் பூசை முடிய, சோறும் கறியும் அடுக்குப்பெட்டியில் கட்டிக்கொண்டு அம்மா பொலிதேயாமாவுக்குப் பஸ் ஏறினார். சிஞ்ஞோரேக்குப் போட்டுக் கொடுத்து, மீன் முள்ளு எடுத்து, நகம் வெட்டிவிட்டு வருவார். பதினொரு வருடம், அவர் சாகும்வரை. அப்பா முதலில் தடுத்தார், பிறகு விட்டுவிட்டார். ஞாயிறுகளில் நான் அம்மாவோடு எங்கேயும் போனதில்லை. என்னைக் கூப்பிட்டாலும் நான் அந்த வீட்டுக்குப் போவதில்லை. படிப்பு என்பேன். அம்மாவுக்கு அதற்குள் தனக்குப் போதுமான இத்தாலி மொழி வந்துவிட்டது.

நான் பிறகு மொழிபெயர்ப்பாளராகவே வேலைக்குப் போனேன். நீங்கள் எல்லாம் அதைக் கேட்டுச் சிரித்தீர்கள். சின்ன வயசுத் தொழில்தானே என்றீர்கள்.

போன வருடம் ஒரு கிளினிக்கில், எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு வங்காளப் பிள்ளை தன் தாய்க்காக டொக்டரிடம் கதைத்துக்கொண்டு நின்றாள். மருந்தை ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று டொக்டர் அவளிடம் சொன்னார். அவள் தாயிடம் திரும்பி இரண்டு சொல் மட்டும் சொன்னாள். டொக்டர் சொன்னது அதைவிட நிறைய. எனக்கு வங்காளம் தெரியாது. ஆனாலும் நான் போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் கடதாசியில் எழுதித் தரச் சொல்லி, அந்தத் தாயின் கையில் கொடுத்து, பகலையும் இரவையும் படமாகக் கீறிக் காட்டினேன். அந்தப் பிள்ளை என்னைக் கோபமாகப் பார்த்தாள். அன்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது நாங்கள் நகரின் ஓரத்தில், பிரான்காச்சோவில் இருக்கிறோம். அப்பா இல்லை. அம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. அன்று நான் வந்தபோது பல்கனிக் கதிரையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் ஸ்டூலைப் போட்டு இருந்து சொன்னேன். வரிசை, உலுக்கியது, விரலைத் தூக்கியது, கார்ட்டூன், எல்லாம். அம்மா முறிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப பேணி மாறினது உண்மையோ?"

"ஓம்."

"நான் நிறுத்தது?"

"நீங்கள் நிறுத்தது சரியம்மா. ஒரு மணியும் பிழைக்கேல்லை. மருந்துதான் வேறை."

அம்மா கையை மடியில் வைத்துப் பார்த்தார். இனி இந்தப் பாரம் இறங்கிவிடும் என்று நான் நினைத்தேன். முப்பதுக்கு மேற்பட்ட வருடம் நான் அவருக்குத் தராமல் வைத்திருந்ததைத் தந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு கேட்டார். "ஆஸ்பத்திரியிலை அவர் உன்னட்டை ஏதோ கேட்டவர். நோகுதாம் எண்டு சொன்னாய்."

"அவர் கேட்டது உதைத்தான். உங்களிட்டைச் சொன்னனானோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"சொன்னனான் எண்டு சொன்னன்."

அம்மாவின் முகம் மாறியது. பயற்றங்காய்த் தட்டைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"கடைசி வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை," என்றார், "சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை என்னைக் கேட்டவர். சிஞ்ஞோரா, அந்த இங்கிலீஸ் துவக்கிலை உங்களுக்குக் கோவம் இருந்ததோ எண்டு. நான் ஓம் எண்டனான். என்ரை தம்பியை அப்படி ஒரு துவக்காலைதான் சுட்டவங்கள் எண்டும் சொன்னனான். என்ரை கை ஏன் பிழைச்சது எண்டு கேக்கிறாராக்கும் எண்டுதான் நான் நினைச்சனான். அவர் கேட்டது, நான் தெரிஞ்சுகொண்டுதான் சிவப்பு மூடியைத் திறந்தனானோ எண்டு."

கீழே ரோட்டில் ஒரு பஸ் நின்று புறப்பட்டது.

"அவர் என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை," என்றார் அம்மா. "சோத்துக் கோப்பையை நீட்டினவர். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னவர்."